மொட்டையும் முழுசும்

மார்ச் 4

வாளிக்காரருக்கு,

உங்களோடு இனிமேல் பேச்சு இல்லை என்று நான்கு மாதத்துக்கு முன்னால் போனில் சொன்னேன். சொன்ன சொல் சொன்னதுதான். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவளுடைய எழுத்து. கொம்பும் காலும் விட்டுப்போயிருந்தால் நீங்களே போட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

ஜனவரியில் நீங்கள் அனுப்பிய வாளி வந்து சேர்ந்தது. உங்கள் பட்டறை லாரிக்காரர்தான் கொண்டுவந்தார். "உங்க வீட்டுக்காரர் குடுத்தாருங்க" என்றார். "வேற ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டேன். "நசுங்காம இறக்கச் சொன்னாரு" என்றார். வாளியைக் கவிழ்த்துப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், ஒரு துண்டுச் சீட்டு விழவில்லை. இருபத்து மூன்று வருஷம் குடித்தனம் செய்த பெண்டாட்டிக்கு ஒரு மனுஷன் வெறும் வாளி அனுப்பினால் அதற்கு என்ன அர்த்தம்? என்னோடு அறையில் தங்கியிருப்பவள், "கோபம் இறங்கிடுச்சுன்னு அர்த்தம் அக்கா" என்கிறாள். தலையில் கவிழ்த்துக்கொள் என்று அர்த்தமோ என்றுதான் எனக்குச் சந்தேகம்.

என் வேலையைச் சொல்கிறேன். இது ஒரு லேப். மூன்று மாடி. நான் தரைத்தளத்தில் பின்னறையில் கண்ணாடிச் சாமான் கழுவுகிறேன். விரல் தடிமனுக்குக் கண்ணாடிக் குழாய்கள், குடுவைகள், ஊதுகுழல் மாதிரி சில சாமான்கள். முதலில் சோப்பு. அப்புறம் ஒரு ராத்திரி முழுக்க ஆசிட் தொட்டியில் ஊறல். அப்புறம் சுத்தத் தண்ணீரில் அலசல். அந்தச் சுத்தத் தண்ணீர் தனிக் குழாயில் வரும், கருமி தர்மம் செய்கிற மாதிரி சொட்டுச் சொட்டாக. அதற்காக நான் நின்றுகொண்டிருந்தால் பொழுது போய்விடும். சாயங்காலமே உங்கள் வாளியைக் குழாய்க்கு அடியில் வைத்துவிட்டுப் போகிறேன். காலையில் நிறைந்திருக்கும். கையை விட்டுச் சளசளவென்று அலசி எடுத்துவிடுவேன். எனக்கு முன்னால் இருந்தவள் வைத்திருந்த தொட்டி விரிசல் விட்டுவிட்டது. நல்ல நேரத்தில் வாளி வந்தது. அதற்கு நன்றி. அதற்கு மட்டும்தான்.

இப்போது இங்கே ஒரு குழப்பம். இரண்டாம் மாடியில் ஒரு பெண் ஆராய்ச்சி செய்கிறாள். உயரமாக இருப்பாள், நான் நெட்டை என்றுதான் கூப்பிடுவேன், கோபித்துக்கொள்ள மாட்டாள். அவளிடம் ஒரே புரதம் இரண்டு விதமாக இருக்கிறது. ஒன்று வேலை செய்யும். இன்னொன்று வேலை செய்யக் கூடாது. வேலை செய்யக் கூடாத அந்தப் புரதம் இரண்டு மாதமாக வேலை செய்துகொண்டே இருக்கிறது. அதற்கு யார் காரணம் என்று தேடுகிறார்கள். தேடிக்கொண்டே படியிறங்கிப் பின்னறைப் பக்கம் வருகிற மாதிரி எனக்கு ஒரு தோற்றம்.

பதில் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

உங்கள் வாயாடி

மார்ச் 12

வாயாடிக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். வாளி வரைக்கும் விளங்கியது. புரதம் விளங்கவில்லை. மூன்றாம் முறை படித்தேன். வாளியும் விளங்காமல் போனது.

வாளி அனுப்பினால் வாளி என்று அர்த்தம். ஜனவரியில் பூச்சுச் சட்டியில் முக்கி எடுத்த சரக்கிலேயே நல்ல வாளி அது. நானே முக்கினேன், இரண்டு முக்கு. சீட்டு வைக்கலாம் என்று நினைத்தேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. லாரி கிளம்பிவிட்டது.

நீயாக எதையும் தொடாதே. படித்தவர்கள் சண்டையில் படிக்காதவர்கள்தான் நசுங்குவார்கள். வேலை செய்யக் கூடாதது வேலை செய்கிறது என்றால் சந்தோஷப்பட வேண்டியதுதானே. இங்கே பட்டறையில் வேலை செய்ய வேண்டியவர்களே செய்வதில்லை.

உன் கடிதத்தை நான் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. பட்டறைச் சாப்பாட்டு நாளில் பதினான்கு பேருக்கு முன்னால், "நான் எடுத்துக் குடுக்கலன்னா இவருக்கு வலது செருப்பு எது, இடது செருப்பு எதுன்னு தெரியாது" என்று சொன்னது நீதான். மேஸ்திரி இன்றைக்கும் நான் வாசலில் செருப்பு விடும்போது எட்டிப் பார்க்கிறார். அதற்குத்தான் நான் அன்றைக்கு அப்படிச் சொன்னேன். கோபத்தில் சொன்னது.

உடம்பைப் பார்த்துக்கொள். ஆசிட்டில் வெறுங்கை விடாதே.

இப்படிக்கு
உன் வீட்டுக்காரன்

மார்ச் 17

வாளிக்காரருக்கு,

என்ன சொன்னீர்கள் என்பதை எழுதாமல் "அப்படிச் சொன்னேன்" என்று தாண்டிப் போகிறீர்களே. நானே எழுதிவிடுகிறேன். "நீ இல்லாம எல்லாம் ஓடும், போய்ப் பாரு." அந்தப் பதினான்கு பேருக்கு முன்னால்தான். நான் சொன்னது சிரிப்புக்கு. நீங்கள் சொன்னதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. சரி, போய்ப் பார்ப்போமே என்று வந்தவள்தான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

புரதம் விளங்கவில்லை என்றீர்கள். எனக்கும் விளங்கவில்லை. நெட்டையைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன், முடிந்தவரை.

நம் உடம்புக்குள் வேலை செய்கிற புரதங்கள் உண்டாம். ஒன்றை வெட்டும், ஒன்றை ஒட்டும். அவற்றுக்கு என்சைம் என்று பேர். சில என்சைம் தானே தனியாக வேலை செய்துவிடும். சிலதுக்குத் துணை வேண்டும். துணை என்றால் பெரிய ஆள் இல்லை, ஒரு பொட்டு உலோகம். கண்ணுக்குத் தெரியாத பொட்டு. அது புரதத்துக்கு நடுவில் ஒரு குழியில் உட்கார்ந்திருக்கும். அப்படி உட்கார்ந்திருந்தால் அந்த முழுச் சாமானுக்கு ஹோலோஎன்சைம் என்று பேர். பொட்டைக் கழற்றிவிட்டால் மிச்சம் இருக்கிற புரதத்துக்கு அபோஎன்சைம் என்று பேர். பேர் இரண்டும் என் வாயில் நிற்கவில்லை. அதனால் நான் முழுசு, மொட்டை என்று வைத்துக்கொண்டேன். முழுசு வேலை செய்யும். மொட்டை சும்மா நிற்கும். "எங்க வீட்டுக்காரர் தலையும் மொட்டைதான், அதுவும் சும்மாதான் நிக்கும்" என்றேன். நெட்டை அப்படிச் சிரித்தாள். நீங்கள் அங்கே இல்லாததால் இதைச் சொன்னேன், கணக்கில் சேர்க்காதீர்கள்.

"அப்ப மொட்டை செத்துப்போச்சா?" என்று கேட்டேன்.

"சாகல அக்கா. கட்டுக் குலையாம அப்படியே இருக்கு. அந்தக் குழி மட்டும் காலி. பொட்டைத் திருப்பி வச்சா மறுபடி வேலை செய்யும்" என்றாள்.

"பின்ன எதுக்குடி கழட்டுற?"

"வேற உலோகம் வச்சுப் பாக்கத்தான். அதுக்கு முதல்ல சுத்தமா காலி பண்ணணும்."

அதற்காகத் தோல் பை மாதிரி ஒன்றில் கட்டி மூன்று நாள் ஊறப்போடுகிறாள். கடைசியில் ஒரு பரீட்சை. நிறமில்லாத ஒரு தண்ணீரில் புரதத்தை ஒரு சொட்டு விட வேண்டும். முழுசாக இருந்தால் தண்ணீர் மஞ்சளாகும். மொட்டையாக இருந்தால் அப்படியே இருக்கும். டிசம்பர் வரைக்கும் அப்படியேதான் இருந்ததாம். ஜனவரியிலிருந்து மொட்டையும் மஞ்சளாகிறது.

ஃபிரிட்ஜில் முழுசு சிவப்பு மூடி போட்ட குழாயில் இருக்கிறது, மொட்டை வெள்ளை மூடிக் குழாயில். வெள்ளிக்கிழமைதோறும் அந்த ஃபிரிட்ஜைத் துடைப்பவள் நான். பெட்டிகளை வெளியே எடுத்து, துடைத்து, உள்ளே வைப்பேன். போன வாரம் நெட்டை தயங்கித் தயங்கி வந்தாள். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. எப்பவாவது மூடி கழண்டு, மாத்திப் போட்டிருப்பீங்களா?" என்றாள். அவளுக்குப் பின்னால் டாக்டரம்மா நின்றார்கள், லேபுக்கே தலைவி. அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. எனக்குப் படிப்புதான் வராது, சிவப்பும் வெள்ளையும் தெரியாதா?

ஃபிரிட்ஜ் சாவியை வாங்கிக்கொண்டார்கள். நல்லதுதான். இனிமேல் மஞ்சள் வந்தால் நான் இல்லை என்று தெரிந்துவிடும்.

உங்கள் வாயாடி

மார்ச் 23

வாயாடிக்கு,

இப்போது கொஞ்சம் விளங்குகிறது. ஒரு சந்தேகம். பொட்டு இல்லாவிட்டால் புரதம் சும்மா நிற்கும் என்றாய். புரதம் இல்லாவிட்டால் பொட்டு என்ன செய்யும்? அதுவும் சும்மாதானே இருக்கும்? அப்படியிருக்க, பொட்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு மரியாதை? இதை மேஸ்திரியிடம் கேட்டேன். "நீ முதல்ல வீட்டுக்காரிக்கு போன் போடு" என்றார். நான் புரதத்தைப் பற்றித்தான் கேட்டேன். அவருக்கு என்ன விளங்கியதோ தெரியவில்லை.

அது என்ன உலோகம்? இரும்பா, செம்பா? கேட்டு எழுது. முப்பது வருஷம் உலோகத்தோடு புழங்குகிறவன், எனக்குத் தெரிந்ததாகக்கூட இருக்கலாம்.

வேலை போனால் போகட்டும். வீடு இருக்கிறது. நீ வைத்துவிட்டுப் போன இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. உப்பு டப்பாவைத் தவிர. அதைப் பத்து நாளாகத் தேடுகிறேன்.

இப்படிக்கு
உன் வீட்டுக்காரன்

மார்ச் 28

வாளிக்காரருக்கு,

உப்பு டப்பா அரிசி டின்னுக்குப் பின்னால். நாலரை மாதமாக அங்கேதான் இருக்கிறது. பத்து நாளாகத் தேடுகிறீர்கள் என்றால் அதற்கு முன்னால் நாலு மாதம் என்ன போட்டுச் சாப்பிட்டீர்கள்?

உலோகம் எது என்று கேட்டேன். துத்தநாகமாம். நெட்டை ஜிங்க் என்றாள், கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்கள் சட்டியில் கொதிக்கிறதே, நீங்கள் இடுக்கியில் பிடித்து வாளிகளை முக்கி எடுக்கிறீர்களே, அதேதான். "எங்க வீட்டுக்காரர் அதுலதான் தினம் குளிக்கிறாரு" என்று பெருமையாகச் சொல்லிவைத்தேன். உங்கள் பட்டறையில் ஒரு சட்டி நிறையக் கொதிக்கிறது, இவர்கள் ஒரு பொட்டை வெளியே எடுக்க மூன்று நாள் படாதபாடு படுகிறார்கள். உலகம் எப்படி இருக்கிறது பாருங்கள்.

சிரிப்பு அதோடு சரி. மற்றதெல்லாம் நன்றாக இல்லை.

சாவியை வாங்கிய பிறகும் மஞ்சள் வந்தது. தப்பித்தேன் என்று நினைத்தேன். டாக்டரம்மா வேறு விதமாக யோசித்திருக்கிறார்கள். முழுசு புழங்கிய குழாயை நான் சரியாகக் கழுவாமல் விட்டிருக்கலாம், அதில் ஒட்டியிருந்தது மொட்டையோடு சேர்ந்துவிட்டிருக்கலாம் என்றார்கள். நியாயமாகத்தான் தெரிந்தது. மூன்று அலசல் அலசிக்கொண்டிருந்தவள் ஏழு அலசலாக்கினேன். மஞ்சள் இன்னும் கெட்டியாக வருகிறது. புதுக் குழாய்கள் வாங்கினார்கள், பெட்டி பிரிக்காதவை. அவற்றையும் ஏழு முறை அலசிக் கொடுத்தேன். அதிலும் மஞ்சள். தண்ணீரைப் பரிசோதித்தார்கள், நேராகச் சொட்டுக் குழாயிலேயே பிடித்து. ஒரு குறையும் இல்லை. ஆசிட்டைப் பார்த்தார்கள், கரைசலில் போடுகிற உப்பைப் பார்த்தார்கள். எல்லாம் சுத்தம். கழுவக் கழுவ அழுக்காகிற ஒரு சாமானை நீங்கள் எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா?

போன புதன்கிழமை எனக்குக் காய்ச்சல். ஒரு நாள் போகவில்லை. அவசரத்துக்கு நெட்டையே இரண்டு குழாயை அந்தச் சொட்டுத் தண்ணீரில் காட்டி எடுத்துக்கொண்டாளாம். அன்றைக்குப் பார்த்து மொட்டை மொட்டையாகவே இருந்தது. ஒரு துளி மஞ்சள் இல்லை.

வியாழக்கிழமை போனேன். எல்லோரும் என்னைப் பார்த்த பார்வை. நான் இல்லாத அன்றைக்குத்தான் எல்லாம் சரியாக ஓடியிருக்கிறது. நீங்கள் சொன்னதுதான். அதே சொல், இவர்கள் வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஏப்ரல் பதினைந்தாம் தேதி கடைசிப் பரீட்சை. அதிலும் மஞ்சள் வந்தால் என்னை அனுப்பிவிடுவார்கள். நெட்டைக்கும் கெடு அதோடு முடிகிறது, மூன்று வருஷ ஆராய்ச்சியை மூட்டை கட்ட வேண்டியதுதான். அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள்.

நீங்கள் உலோகத்தோடு புழங்கியவர். ஏதாவது தோன்றினால் உடனே எழுதுங்கள்.

உங்கள் வாயாடி

ஏப்ரல் 6

வாளிக்காரருக்கு,

போன கடிதம் கிடைத்ததா? பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? உப்பு கிடைத்ததா?

ஏழு அலசலைப் பத்தாக்கியிருக்கிறேன். விரல் நுனியில் தோல் உரிகிறது. கையுறை போட்டால் குழாய் வழுக்குகிறது. நேற்று கனவில் உங்கள் தலை மஞ்சளாக வந்தது. நான் கழுவக் கழுவ இன்னும் மஞ்சளாகிறது. எழுந்து உட்கார்ந்து கொஞ்சம் சிரித்தேன், பிறகு அழுதேன். எதற்கு எது என்று தெரியவில்லை.

எனக்குக் கேலி வராத கடிதம் இதுதான். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், இன்னொன்று கிடைக்காது.

வாயாடி

ஏப்ரல் 12

வாயாடிக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. நாளாகும். லாரிக்காரரிடம் கொடுத்து, உன் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். முதலில் விஷயம். அந்த வாளியில் ஒரு குழாயையும் அலசாதே. நேராகச் சொட்டுத் தண்ணீரில் காட்டு, எவ்வளவு நேரமானாலும்.

உன் வாளி வெறும் இரும்பு இல்லை. மேலே முழுக்கத் துத்தநாகம். இரண்டு முக்கு. புது வாளியில் தண்ணீர் நின்றால் கொஞ்சம் கரையும், ஓரத்தில் வெள்ளையாகப் பூக்கும். புளிப்பு பட்டால் இன்னும் கரையும். புது வாளியில் புளிப்பு எதையும் வைக்காதே என்று வாங்க வருகிறவர்களிடம் நாங்களே சொல்லித்தான் கொடுப்போம். உன்னிடம் சொல்லவில்லை. நீ ஆசிட்டில் ஊறிய குழாய்களை அதில் விட்டு அலசுகிறாய். ராத்திரி முழுக்கத் தண்ணீர் அதில் நிற்கிறது. அவர்கள் மூன்று நாள் பாடுபட்டு எடுத்த பொட்டை உன் வாளி திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. நீ எவ்வளவு அதிகம் அலசினாயோ அவ்வளவு அதிகம் கொடுத்திருக்கிறது. ஜனவரியில் ஆரம்பித்தது என்றாய். வாளி வந்தது ஜனவரியில். உனக்குக் காய்ச்சல் வந்த அன்றைக்கு அந்தப் பெண் வாளியைத் தொடவில்லை.

நிச்சயம் செய்துகொள்ள ஒரு வாளியில் எலுமிச்சம்பழம் பிழிந்து வைத்தேன். காலையில் பளபளப்புப் போய்ச் சாம்பலாக இருந்தது.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். உன் மார்ச் 28 கடிதம் ஏப்ரல் ஒன்றாம் தேதி வந்தது. துத்தநாகம் என்று படித்தவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எலுமிச்சம்பழம் அடுத்த நாள். மூன்றாம் தேதி கடிதம் எழுதி முடித்தேன். தபால்பெட்டி வரைக்கும் போனேன். பதினைந்தாம் தேதி வேலை போனால் நீ வீட்டுக்கு வந்துவிடுவாய் என்று அங்கே நிற்கும்போது தோன்றியது. கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். ஒன்பது நாள் அது பையிலேயே இருந்தது. நேற்று உன் ஆறாம் தேதிக் கடிதம் வந்தது. தோல் உரிகிறது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு என்னால் பட்டறையில் நிற்க முடியவில்லை.

பழைய கடிதத்தைக் கிழித்துவிட்டேன். அதில் இந்த ஒன்பது நாள் இல்லை.

நீ இல்லாமல் எல்லாம் ஓடும் என்று சொன்னேன். ஓடுகிறதுதான். ஃபேன் ஓடுகிறது. சுவரில் கடிகாரம் ஓடுகிறது. நான் நடுவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதைப் பதினான்கு பேருக்கு முன்னால் சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன்.

இப்படிக்கு
உன் வீட்டுக்காரன்

ஏப்ரல் 19

வாளிக்காரருக்கு,

பதினான்காம் தேதி மத்தியானம் லாரிக்காரர் வந்தார். "கையிலதான் குடுக்கணும்னு சொன்னாரு, அதான் சாப்பிடாமக்கூட வந்துட்டேன்" என்றார். மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். முதல் பக்கம் முடிந்ததும் எழுந்து நின்றேன். இரண்டாம் பக்கம் முடிந்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. முதலில் எனக்கு ஒரு யோசனை வந்தது. வாளியை யாரும் கண்டுகொண்டதில்லை. டாக்டரம்மா பின்னறைக்குள் கால் வைத்ததே இல்லை. பேசாமல் அதை எடுத்து அறைக்குக் கொண்டுபோய்விட்டு, சொட்டுத் தண்ணீரில் அலசிக் கொடுத்தால் போதும். மறுநாள் மொட்டை மொட்டையாக நிற்கும். நானும் தப்பித்தேன், நெட்டையும் தப்பித்தாள். ஏன் மஞ்சள் வந்தது, ஏன் நின்றது என்று ஒருவருக்கும் தெரியாது. வாளியைக் கையில் எடுத்தேவிட்டேன்.

அப்போது நெட்டை அன்றைய டீயைக் கொண்டுவந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். மூன்று மாதமாகத் தூக்கமில்லாத முகம். நான் வாயைத் திறக்காவிட்டால் இந்தப் பெண் கிழவியாகிற வரைக்கும், அந்த மூன்று மாதம் நான் என்ன தப்புச் செய்தேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டிருப்பாள். குழப்பத்தில் இருப்பது எப்படி என்று இந்த லேபிலேயே என்னைவிட நன்றாகத் தெரிந்தவள் யார்?

வாளியோடு அப்படியே இரண்டாம் மாடி ஏறி டாக்டரம்மா மேஜைமேல் வைத்தேன். தண்ணீர் கொஞ்சம் அவர்கள் காகிதத்தில் சிந்தியது.

"என்னம்மா இது?" என்றார்கள்.

"நீங்க மூணு மாசமா தேடுற ஆளு" என்றேன்.

உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். முதல் பக்கத்தை மட்டும்தான். இரண்டாம் பக்கத்தை மடித்து ரவிக்கையில் வைத்துக்கொண்டேன். எனக்கு அந்தப் பழக்கம் போய்விட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

டாக்டரம்மா உடனே சொட்டுத் தண்ணீரில் காட்டிய இரண்டு குழாயைக் கொண்டுவரச் சொன்னார்கள். இரண்டிலும் மொட்டை, இரண்டிலும் அந்த நிறமில்லாத தண்ணீர். கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தோம். இரண்டும் அப்படியே நின்றன. பிறகு ஒன்றில் மட்டும் வாளித் தண்ணீர் ஒரு சொட்டு விட்டார்கள். நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் மெல்ல, எலுமிச்சம்பழத் தோல் மாதிரி, மஞ்சள். நெட்டை தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, வாளி அக்கா, வாளி" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். "மூணு மாசம் போச்சு" என்றார்கள். "உலோகப் பாத்திரம் வைக்கக் கூடாதுன்னு உங்ககிட்ட யாரும் சொல்லலையா?" என்றார்கள். "இல்லைங்க" என்றேன். "சொல்லியிருக்கணும்" என்றார்கள். அது என்னைச் சொன்னதா, தங்களைச் சொன்னதா என்று தெரியவில்லை. கதவு வரைக்கும் போன பிறகு கூப்பிட்டார்கள். "வேலையில இருங்க. வாளி மட்டும் வெளிய."

நெட்டைக்கு ஆறு மாதம் கெடு நீட்டியிருக்கிறார்கள். அவள் உங்கள் வாளியிலிருந்து ஒரு ராத்திரிக்கு எவ்வளவு துத்தநாகம் இறங்குகிறது என்று அளந்து வைத்திருக்கிறாள். அவள் எழுதுகிற ஆராய்ச்சித் தாளில் வாளி வருமாம். உங்கள் பேர் வராது. இரண்டு முக்கு என்று போடச் சொல்லியிருக்கிறேன்.

இனி அந்த ஒன்பது நாள்.

அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கோபப்படலாம் என்று உட்கார்ந்தால், ஒரு மனுஷன் தபால்பெட்டி வரைக்கும் போய்த் திரும்பி வருவது கண்ணில் தெரிகிறது. சரி, போகட்டும் என்று எழுந்தால், விரல் எரிகிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன். இதில் நான் முழுசா, மொட்டையா என்று எனக்கே விளங்கவில்லை.

அதனால் உங்கள் சந்தேகத்தை நெட்டையிடமே கேட்டேன். புரதம் இல்லாவிட்டால் அந்தப் பொட்டு என்ன ஆகும் என்று. "ஒண்ணும் ஆகாது அக்கா. வெளிய வந்தாலும் அது அதுவாத்தான் இருக்கும். வேற எடத்துல போய் வேற வேலை பாக்கும். சும்மா நிக்கிறது புரதம்தான்" என்றாள். நான் வெளியே வந்து ஆறாவது மாதம் நடக்கிறது. நானாகத்தான் இருக்கிறேன். ஒரு லேபையே மூன்று மாதம் ஆட்டி வைத்திருக்கிறேன். சும்மா நிற்பது யார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வேலையை விட்டு வர மாட்டேன். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் அடுத்த சனி, ஞாயிறு எனக்கு லீவு. அறையில் இருப்பவள் அவள் அம்மா வீட்டுக்குப் போகிறாள். உங்கள் பட்டறை லாரி வெள்ளிக்கிழமை இந்தப் பக்கம்தான் வருகிறது என்று லாரிக்காரர் சொன்னார். முன் சீட்டில் ஒரு ஆள் உட்கார இடம் இருக்கிறதாம். நான் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார்.

வந்தால் வாசலில் செருப்பை விடும்போது நான் பார்க்க மாட்டேன்.

தயவு செய்து எதையும் தூக்கிக்கொண்டு வராதீர்கள். வெறுங்கையோடு வாருங்கள். கையையும் நன்றாகக் கழுவிக்கொண்டு வாருங்கள்.

உங்கள் வாயாடி